உப்பு வணிகர் பெயர் இருக்கும் பாறை: மேலூர் மலைகளைப் பார்க்கப் போவது பற்றி

(மேலூரில் ஒரு மாலைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



இபின் பதூதா என்ற மொராக்கோ நாட்டுப் பயணி 1331-இல் கிழக்கு ஆப்பிரிக்கக் கரையில் கில்வா என்ற தீவு நகரத்தில் இறங்கினார். இன்றைக்கு அந்த ஊர் தான்சானியாவில் இருக்கிறது. அதன் அழகை அவர் வியந்து எழுதி வைத்திருக்கிறார். அதே மனிதர் 1340-களில் இலங்கையிலிருந்து வரும் வழியில் கப்பல் உடைந்து நம் கீழைக் கடற்கரையில் ஒதுங்கினார். அப்போது மதுரையை ஆண்ட சுல்தானிடம் வந்து சேர்ந்தார். மதுரையில் கொள்ளைநோய் ஆட்களைத் தூக்கிக்கொண்டிருந்த நேரம் அது. கில்வாவையும் மதுரையையும் ஒரே மனிதர் கண்ணால் கண்டு எழுதிய காலம் ஒன்று இருந்தது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு நாம் தொடங்கலாம்.

தான்சானியாவுக்கு இன்றைக்குப் போகிறவர்கள் எங்கே போகிறார்கள்? செரங்கெட்டியில் சிங்கம் பார்க்கிறார்கள். கோரங்கோரோ பள்ளத்தில் இறங்குகிறார்கள். உடம்பில் தெம்பு இருந்தால் 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவில் ஏறுகிறார்கள். பிறகு சான்சிபார் கடற்கரையில் ஓய்வெடுத்துவிட்டு விமானம் ஏறுகிறார்கள். ஒரு காலத்தில் தங்கமும் தந்தமும் கைமாறிய கில்வாவுக்கு, நம் நாட்டுக் கண்ணாடி மணிகள் போய் இறங்கிய அந்தக் கரைக்கு, மிகச் சிலரே போகிறார்கள். நாட்டின் நடுவே கொண்டோவா என்ற இடத்தில் 150-க்கும் மேற்பட்ட பாறை ஒதுக்கிடங்களில் பழங்கால ஓவியங்கள் இருக்கின்றன. 2006-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. சேர்க்கும்போது ஒரு செய்தியையும் பதிவு செய்தது: அந்தப் பாறைகள் சிலவற்றைச் சுற்றியிருக்கும் ஊர்க்காரர்கள் இன்றைக்கும் சடங்குக்குப் பயன்படுத்துகிறார்கள். ஓவியத்தின் வயதோடு, அந்தப் பாறையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் ஊரும் அங்கே மதிப்பாகக் கணக்கில் வந்தது.

மதுரைக்கு வருகிறவர்களையும் இப்படிப் பாருங்கள். மீனாட்சியம்மன் கோயில், நாயக்கர் மகால், காந்தி மியூசியம், சாயங்காலம் ஜிகர்தண்டா. மறுநாள் ராமேசுவரம் அல்லது கொடைக்கானல். திருச்சிச் சாலையில் மேலூர் என்பது பேருந்து நின்று கிளம்பும் ஊர். ஜன்னல் வழியே தெரியும் அந்த மொட்டைப் பாறைகளை யாரும் பெயர் கேட்பதில்லை. மாட்டுத்தாவணியில் ஏறி மேலூரில் இறங்குவதற்குள், தமிழை எழுத்தில் எழுதத் தொடங்கிய காலத்தின் கல் ஏடுகள் எத்தனையோ கடந்து போகின்றன. அவற்றில் சிலவற்றைப் பற்றி மட்டும் இன்றைக்குப் பேசுகிறேன். எல்லாவற்றையும் பேச ஒரு மாலை போதாது.

முதலில் கிடாரிப்பட்டி. மேலூரிலிருந்து அழகர்கோயில் போகிற சாலையில் இருக்கும் ஊர். அழகர்மலையின் ஒரு கிளை அங்கே வந்து முடிகிறது. சித்திரையில் அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்க்க லட்சக்கணக்கில் மக்கள் கூடுகிறார்கள். அதே மலையின் இந்தப் பக்கத்துக்கு ஆள் வருவதில்லை. மேலே ஏறினால் பெரிய குகைத்தளம், அதில் கல்லில் வெட்டிய படுக்கைகள், பக்கத்தில் சுனை. ஊர்க்காரர்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்பார்கள். சமண முனிவர்கள் தங்குவதற்காகச் செய்து கொடுத்தவை. பாறையின் நெற்றியில், தமிழை முதலில் எழுதிய தமிழ்ப் பிராமி எழுத்துகள். கல்வெட்டு அறிஞர் ஐராவதம் மகாதேவன் கணிப்பில் அவை கிறிஸ்துவுக்கு முந்தைய முதலாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை.

அங்கே என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? அரசர் புகழ் இல்லை, போர் வெற்றி இல்லை. மதுரையைச் சேர்ந்த பொற்கொல்லர் ஒருவர் பெயர் இருக்கிறது. மதுரை உப்பு வணிகர் ஒருவர் பெயர் இருக்கிறது, அவர் வியகன். வெல்லப்பாகு விற்றவர் நெடுமலன். கொழு விற்றவர் ஒருவர், அதாவது ஏர்முனை இரும்பு விற்றவர். துணி விற்ற அறுவை வணிகர் ஒருவர். இவர்கள் சேர்ந்து காசு போட்டு முனிவர்களுக்கு இடம் செய்து கொடுத்திருக்கிறார்கள்.

நான் உலகத்துப் பெரிய கல்வெட்டுகளைப் பற்றிப் படித்திருக்கிறேன். அவற்றில் பெரும்பாலும் பேசுகிறவர் அரசர். நம் கிடாரிப்பட்டியில் பேசுகிறவர் உப்பு விற்றவர். கொழு விற்றவர் இருக்கிறார் என்றால் அதை வாங்கி உழுத குடியானவர் இருக்கிறார். துணி விற்றவர் இருக்கிறார் என்றால் நெய்தவர் இருக்கிறார். ஈராயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கடைத்தெருவே அந்தப் பாறையில் இருக்கிறது. இதில் என்னை மிகவும் நெகிழ வைப்பது ஒன்று: உப்பு வணிகர் தன் பெயரைக் கல்லில் வெட்டச் சொன்னார் என்றால், அதை வாசிக்க நாலு பேர் இருப்பார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. எழுத்து அரண்மனைக்குள் மட்டும் இருந்த பொருளாக இங்கே இருக்கவில்லை. இதை நம் பிள்ளைகளுக்கு நேரில் காட்டாமல் வேறு எதைக் காட்டப் போகிறோம்?

இந்த வணிகர்களின் வழியும் நமக்குத் தெரிகிறது. மேலூரிலிருந்து திருப்பத்தூர் சாலையில் கீழவளவு. அங்கே இருக்கும் பஞ்சபாண்டவர் மலையில் ஒரு பிராமிக் கல்வெட்டு. தொண்டியைச் சேர்ந்தவர் ஒருவர் அங்கே இருந்த சமணப் பள்ளியைக் கொடுத்ததாகச் சொல்கிறது. எழுத்துகள் சில தலைகீழாகவும் இடவலம் மாறியும் வெட்டப்பட்டிருப்பதால் அதைப் படிப்பதே ஒரு தனிக் கலை. தொண்டி கீழைக் கடற்கரைத் துறைமுகம். கடலில் வந்த சரக்கு மதுரைக்குப் போகிற வழியில் மேலூர்ச் சீமை இருந்தது. மாணிக்கவாசகர் பாண்டியனுக்குக் குதிரை வாங்கக் கீழைக்கரை நோக்கிப் போய், கையில் இருந்த பொன்னைத் திருப்பெருந்துறையில் சிவனுக்குச் செலவழித்த கதையை நீங்கள் அறிவீர்கள். அவர் பிறந்த திருவாதவூர் இங்கிருந்து கூப்பிடு தூரம். அந்த ஊரில் திருமறைநாதர் கோயிலை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஊரை ஒட்டிய மலையில் பிராமிக் கல்வெட்டு இருப்பதைப் பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டால் இந்த மண்டபத்தில் எத்தனை கை உயரும் என்று எனக்குச் சந்தேகம்.

மாங்குளத்தைச் சொல்லாமல் விட முடியாது. அங்கே மீனாட்சிபுரத்து மலையில் இருக்கும் பிராமிக் கல்வெட்டுகளை 1882-இல் ராபர்ட் சீவல் என்ற ஆங்கிலேய அதிகாரி கண்டு வெளியுலகுக்குச் சொன்னார். தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகளில் முதலில் தெரியவந்தவை அவைதான். என்ன மொழி என்று பல ஆண்டுகள் பிடிபடவில்லை. 1924-இல் கே.வி. சுப்பிரமணிய ஐயர் அது தமிழ் என்று எடுத்துக் காட்டினார். 1960-களில் ஐராவதம் மகாதேவன் அதில் நெடுஞ்செழியன் என்ற பெயரை வாசித்தார். சங்கப் பாட்டில் மட்டும் கேட்டிருந்த அந்தப் பெயர் பாறையில் இருந்தது. கணிநந்தாசிரியன் என்ற சமண முனிவருக்குச் செழியனின் அதிகாரி ஒருவர் செய்த கொடை அது. அதே மலையில் வெள்ளறை என்ற ஊரின் வணிகக் குழுவும் கொடை கொடுத்திருக்கிறது. அந்த வெள்ளறைதான் இன்றைய வெள்ளரிப்பட்டி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். நாம் டவுன் பஸ்ஸில் தினமும் தாண்டுகிற வெள்ளரிப்பட்டி.

கருங்காலக்குடிக்கு ஒரு நாள் தனியாகப் போங்கள். கொட்டாம்பட்டி சாலையில் இருக்கிறது. அங்கே படுக்கைகளும் உண்டு, பிராமியும் உண்டு, அவற்றுக்கெல்லாம் முந்திய வெள்ளை நிறப் பாறை ஓவியங்களும் உண்டு.

இந்த மலைகளை ஒன்றோடொன்று கோத்த மனிதர் ஒருவர் இருக்கிறார். ஆயிரம் ஆண்டுக்கு முன் வாழ்ந்த அச்சணந்தி என்ற சமணத் துறவி. ஆனைமலையில் அவர் செய்வித்த தீர்த்தங்கரர் உருவம் இருக்கிறது. அழகர்மலையில் அவர் பெயர். அரிட்டாபட்டியில் அவர் பெயர். கருங்காலக்குடியில் அவர் பெயர். வட்டெழுத்து என்ற பழைய தமிழ் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர் நடந்துதான் போயிருக்க வேண்டும். வெளிநாடுகளில் துறவிகள் நடந்த பாதைகளை அடையாளம் வைத்து, இரவு தங்க ஊர் ஊராகத் திண்ணை ஒதுக்கி, மக்களை நடக்கவிடுகிறார்கள். ஆனைமலையில் காலையில் கிளம்பி, வழியில் இரண்டு ஊரில் தங்கி, கருங்காலக்குடியில் முடிகிற ஒரு நடைப்பாதையை இந்த மாவட்டத்தில் நாம் ஏன் அமைக்கக் கூடாது? எனக்கு நெடுநாளாக இருக்கும் ஆசை இது. செலவு மிகவும் குறைவு. வழிகாட்டிக் கல்லும் குடிநீரும் கழிப்பறையும் இருந்தால் போதும்.

இனி அரிட்டாபட்டிக்கு வருகிறேன். திருச்சிச் சாலையை விட்டு மேற்கே திரும்பினால் வரும் ஊர். கழிஞ்சமலை, நாட்டார்மலை, தேன்கூட்டு மலை என்று ஏழு குன்றுகள் சூழ்ந்து நிற்கின்றன. முற்காலப் பாண்டியர் குடைந்த சிவன் கோயில் ஒன்று அங்கே இருக்கிறது. அதில் பாசுபத சைவத்தின் குருவான இலகுலீசர் சிற்பம் உண்டு. தமிழ்நாட்டில் அரிதாகக் கிடைக்கும் உருவம் அது. கழிஞ்சமலையில் பிராமி எழுத்தும் தீர்த்தங்கரரும். ஆனைகொண்டான் என்ற பழைய கண்மாய். 250 வகை வரையான பறவைகள். லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு ஆகிய மூன்று வேட்டைப் பறவைகளும் ஒரே இடத்தில். இவற்றோடு தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு. 2022 நவம்பர் 22 அன்று அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் ஊர்களில் 193 ஹெக்டேர் சொச்சம் நிலத்தைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அரசு அறிவித்தது.

ஏறத்தாழ இரண்டு ஆண்டு. 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்த செய்தி வந்தது. 2,015 ஹெக்டேர். கிட்டத்தட்ட ஐயாயிரம் ஏக்கர். அதற்குள் இந்தப் பல்லுயிர்த் தலமும் அடக்கம். அதற்குப் பிறகு நடந்ததை உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, நடத்தியவர்கள் நீங்கள். அ.வல்லாளப்பட்டியில் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு போராட்டத்தில் உட்கார்ந்தார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றம் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது. அந்த மாதக் கடைசியில், பல்லுயிர்த் தலத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடத்தை மறுபடி ஆராயலாம் என்று ஒன்றிய அரசு ஒரு வழி சொன்னது. அந்த இடத்தில்தான் இந்தச் சீமையின் அறிவை நான் வணங்குகிறேன். அரிட்டாபட்டி மட்டும் தப்பினால் போதும் என்று யாரும் பிரிந்து போகவில்லை. ஒரு மலையிலிருந்து இறங்கும் தண்ணீர் அடுத்த ஊர்க் கண்மாயை நிரப்புகிறது, ஆகவே முழுவதும் ரத்தாக வேண்டும் என்றார்கள். 2025 ஜனவரி 7 அன்று நரசிங்கம்பட்டியிலிருந்து தல்லாகுளம் வரை நடந்தார்கள். ஜனவரி 23 அன்று ஏலம் ரத்து என்று அறிவிப்பு வந்தது.

சுரங்கத்துக்கு வரைபடம் போட்டவர்களுக்கு இங்கே என்ன இருக்கிறது என்று ஏன் தெரியாமல் போனது? யோசித்துப் பார்த்தால், இந்த மலைகளைப் பார்த்தவர்கள் குறைவு. யாரும் பார்க்காத இடத்தை வெற்றிடம் என்று எழுதிவிடுவது சுலபம். கீழவளவு, கீழையூர்ப் பக்கம் கிரானைட்டுக்காக அறுத்தெடுத்த குன்றுகளின் இடத்தில் இன்றைக்குப் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள் நிற்கின்றன. 2014-இல் உயர் நீதிமன்றம் ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தை ஆணையராக அமர்த்தி விசாரிக்கச் சொன்ன அளவுக்கு அந்தக் கொள்ளை போனது. போன குன்றில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாரும் படிக்க முடியாது. அப்போது அந்தக் குன்றுகளை ஆண்டுக்கு ஆயிரம் பள்ளிப் பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தால் கதை வேறாகியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 2010-இல் ஆனைமலையைச் சிற்ப நகரமாக்கும் யோசனை வந்தபோது ஊர் எதிர்த்தது. அந்த நாட்களில் எழுத்தாளர் அ. முத்துகிருஷ்ணனும் நண்பர்களும் தொடங்கிய பசுமை நடை, மாதா மாதம் மதுரைக்காரர்களை இந்தப் பாறைகளுக்குக் கூட்டிக்கொண்டு வந்தது. வந்தவர்கள் பிள்ளைகளோடு வந்தார்கள், அறிஞர்கள் கல்வெட்டு முன்னால் நின்று வாசித்துக் காட்டினார்கள். அந்த நடைகள் செய்த வேலையின் பலனைப் பின்னாளில் நாம் அனுபவித்தோம்.

ஆனால் பார்க்க வருகிறவர்களாலும் இடம் அழியும். இதையும் நேராகச் சொல்ல வேண்டும். கல்படுக்கையில் காதலர் பெயரைப் பெயிண்டில் எழுதியிருப்பதை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஈராயிரம் ஆண்டு எழுத்தின் மேலேயே சுண்ணாம்பு அடித்த இடங்களும் நம் மாவட்டத்தில் உண்டு. கழுகும் வல்லூறும் பாறை முகட்டில் கூடு வைத்திருக்கும் நாட்களில் டிரோன் பறக்கவிட்டால் அந்த வருடம் குஞ்சு தப்பாது. ஆகையால் ரோப் கார் வேண்டாம், மலை உச்சியில் ரிசார்ட் வேண்டாம், ஒலிபெருக்கி வேண்டாம். இது என் கருத்து. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். கொண்டோவாவைப் பற்றி முதலில் சொன்னேனே, அங்கே ஊரின் சடங்கும் பாறையின் மதிப்பில் சேர்ந்தது என்று. அரிட்டாபட்டியில் ஒரு பாட்டி, "செருப்பக் கழட்டிட்டு ஏறுங்கய்யா, சாமி மலை" என்றார். தொல்லியல் துறையின் நீலப் பலகையைவிட அந்தச் சொல்தான் இந்த மலையை இத்தனை காலம் காத்திருக்கிறது. வருகிறவர் அந்தப் பாட்டியின் விருந்தாளி. அவர் சொல்படி நடக்க வேண்டும்.

தான்சானியாவில் எங்காருக்கா என்று ஓர் இடம். கோரங்கோரோ மலையடிவாரம். மலையிலிருந்து வரும் ஓடைகளைத் திருப்பிக் கல்வாய்க்கால் வெட்டி, படிப்படியாகப் பாத்தி கட்டிப் பயிர் செய்த பெரிய ஊர். 18-ஆம் நூற்றாண்டோடு அங்கே வாழ்வு முடிந்துவிட்டது. இன்றைக்குக் கற்களும் வாய்க்கால் தடமும் மட்டும். அதைப் படித்தபோது நம் கண்மாய்களைத்தான் நினைத்தேன். பெரியாற்றுக் கால்வாயில் கள்ளந்திரி வரைக்கும் இருபோகம், அதற்குக் கீழே மேலூருக்கு ஒருபோகம்; 1895-இல் பென்னிகுக் பெரியாற்று அணையைக் கட்டி முடித்த பிறகும் கடைமடையில் இருக்கிற நமக்குத் தண்ணீர் கணக்குப் பார்த்துத்தான் வருகிறது. கால்வாய் வராத வருடம் மலைத் தண்ணீரும் கண்மாயும்தான் ஊரைத் தாங்குகின்றன. பயணிகளுக்கு நாம் காட்ட வேண்டிய இடங்களில் கண்மாயும் ஒன்று. மடை, கலிங்கு, வரத்துக்கால் எப்படி வேலை செய்கின்றன என்று ஒரு விவசாயி நின்று விளக்கினால், எந்தக் காட்சிச் சாலையிலும் கிடைக்காத பாடம் அது. அறுவடை முடிந்து தண்ணீர் வற்றும் பருவத்தில் ஊத்தாவும் வலையுமாக ஆயிரக்கணக்கானோர் இறங்கும் மீன்பிடித் திருவிழாவைப் பார்த்தவர் மறக்க மாட்டார். புரட்டாசியில் வெள்ளலூர் நாட்டில் ஏழைகாத்த அம்மன் திருவிழாவில் ஏழு சிறுமிகளைத் தெய்வமாக வணங்குவதையும், ஆண்கள் உடம்பெல்லாம் வைக்கோல் பிரி சுற்றி வருவதையும் பார்க்க விரும்புகிறவர், ஊர்ப் பெரியவர்களிடம் முறையாகக் கேட்டுக்கொண்டு, கேமராவை உள்ளே வைத்துவிட்டு வரட்டும்.

இன்னொரு இடமும் இருக்கிறது. அதைச் சுற்றுலா என்ற சொல்லோடு சேர்த்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேலவளவு. தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கிய ஊராட்சியில் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் மாதம் ஓடும் பேருந்தை மறித்துக் கொன்றார்கள். அவர்களுக்கு அங்கே விடுதலைக் களம் என்ற நினைவிடம் இருக்கிறது. மேலூர்ச் சீமையின் கல்வெட்டுகளைப் பெருமையோடு காட்டுகிற நாம் வெளியூர்க்காரரை அந்த நினைவிடத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். அங்கே போகாதவர் நம் ஊரைப் பாதிதான் பார்த்தவர். சுரங்கத்தை எதிர்த்து எல்லாச் சாதியினரும் ஒரே சாலையில் நடந்தோம். அந்த நடை தொடர வேண்டிய இடம் இது.

நண்பர்களே, நேரமாகிறது. செய்ய வேண்டியது என்று எனக்குத் தோன்றுவதைச் சொல்லி நிறுத்துகிறேன். ஒவ்வொரு மலையடி ஊரிலும் நாலைந்து இளைஞர்களுக்கு, பெண்பிள்ளைகளும் சேர்ந்து, கல்வெட்டு வாசிக்கவும் பறவை அடையாளம் காணவும் பயிற்சி கொடுக்கலாம். ஓய்வு பெற்ற கல்வெட்டு ஆய்வாளர்கள் மதுரையில் இருக்கிறார்கள், அழைத்தால் வருவார்கள். வருகிறவர்களிடம் வாங்கும் சிறு தொகை ஊராட்சிக்குப் போகட்டும். கிராம சபையில் அதற்குக் கணக்கு வாசிக்கட்டும். மதியச் சாப்பாடு ஊர் மகளிர் குழு சமைத்ததாக இருக்கட்டும். வெளியூர் நிறுவனம் வந்து சீட்டுப் போட்டு நம் பிள்ளைகளைக் காவலாளி வேலைக்கு வைக்கும் நிலை வரவே கூடாது.

இங்கே பள்ளி ஆசிரியர்கள் பலர் வந்திருக்கிறீர்கள். கார்த்திகை முதல் மாசி வரை கண்மாயில் தண்ணீரும் பறவையும் இருக்கும், பாறையும் சுடாது. காலை ஆறரைக்குக் கிளம்பினால் பத்து மணிக்கு இறங்கிவிடலாம். முதல் முறை கிடாரிப்பட்டிக்கே கூட்டிப் போங்கள். ஒவ்வொரு பிள்ளையும் தண்ணீர்ப் பாட்டிலும் ஒரு நோட்டும் எடுத்து வரட்டும். காலை வெயில் சாய்வாக விழும்போதுதான் எழுத்து தெளிவாகத் தெரியும். பாறையைத் தொடாமல், சுண்ணக்கட்டி தடவாமல், கண்ணால் பார்த்து எழுத்து எழுத்தாக நோட்டில் வரையச் சொல்லுங்கள். வியகன் என்ற பெயரை முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை அதை மற்றவர்களுக்கு உரக்க வாசித்துக் காட்டட்டும்.